லேசரா, ஊசியா? குறைமாதக் குழந்தையின் கண்ணைக் காக்க இரண்டு வழிகள்

கருவிலிருக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஏறத்தாழ 16-ஆம் வாரத்தில் முளைக்கத் தொடங்கும். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து கிளம்பி நாலாபக்கமும் படரும். மூக்குப் பக்க விளிம்பை 36-ஆம் வாரத்திலும், காதுப் பக்க விளிம்பை 40-ஆம் வாரத்தையொட்டியும் எட்டும். குழந்தை 26 வாரத்திலேயே பிறந்துவிட்டால் இந்த வேலை பாதியில் நின்றுவிடும். நடுவில் மட்டும் குழாய்கள் இருக்கும், ஓரமெல்லாம் வெற்றுத் திசு.

இதில் ஆக்சிஜனின் பங்கு விசித்திரமானது. கருப்பையில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவுதான் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கவைத்து, குழாய்களை முன்னே இழுத்துச் செல்கிறது. வெளியே வந்த குழந்தைக்குத் திடீரென்று ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. புரதம் வற்றுகிறது, குழாய்களும் வளராமல் நின்றுவிடுகின்றன. இது முதல் கட்டம். சில வாரங்கள் கழித்து விழித்திரை முதிர்கிறது, அதன் ஆக்சிஜன் பசியும் கூடுகிறது. ஆனால் ஓரத்துக்குக் குழாயே போய்ச் சேரவில்லை. உடனே அங்குள்ள செல்கள் அதே புரதத்தை அளவுமீறிச் சுரக்கின்றன. இப்போது முளைக்கும் குழாய்கள் முறையானவை அல்ல. விழித்திரைக்குள் படராமல், கண்ணை நிறைத்திருக்கும் கூழுக்குள் புகுந்து, கசிந்து, வடுவாகிச் சுருங்கி, கடைசியில் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் இந்த விழித்திரை நோயை மருத்துவமனைகளில் ஆர்.ஓ.பி. (ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி) என்கிறார்கள்.

1942-இல் பாஸ்டனைச் சேர்ந்த தியோடர் டெர்ரி இதை முதலில் விவரித்தார். 1951-இல் மெல்போர்னின் கேட் கேம்ப்பெல், மிகையான ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். சரி, ஆக்சிஜனைக் குறைத்துவிட்டால் தீர்ந்ததா? குறைத்தார்கள். பார்வையிழப்பு சரிந்தது, ஆனால் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகள் கூடினார்கள். அந்தச் சிக்கல் இன்னும் முழுதாக அவிழவில்லை. 2010-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ரத்த ஆக்சிஜன் செறிவை 85–89 சதவீதத்தில் வைத்த குழுவில் கடும் ஆர்.ஓ.பி. 8.6 சதவீதம், 91–95-இல் வைத்த குழுவில் 17.9. இறப்போ முறையே 19.9, 16.2 சதவீதம். கண்ணுக்கு நல்லதாகத் தோன்றிய அளவு உயிருக்கு ஆகவில்லை. ஆக, ஆக்சிஜனைக் கவனமாகக் கையாண்டாலும் சில குழந்தைகளுக்கு நோய் வரத்தான் செய்யும். வந்தபின் என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் வந்தது உறைய வைக்கும் சிகிச்சை. வெள்விழிக்கு வெளியிலிருந்து கடுங்குளிர்க் கருவியை அழுத்தி, குழாயில்லாத ஓரத்தைக் கொன்றுவிடுவார்கள். புரதத்தைச் சுரக்கும் செல்களே இல்லையென்றால் கோணல் குழாய்களுக்கு அழைப்பும் இல்லை. கேட்கவே முரட்டு வைத்தியம்தான். ஆனாலும் 1988-இல் அது கெட்ட விளைவுகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாகத் தெரிந்தபோது பெரிய நிம்மதி. 1990-களில் அதே வேலையை லேசர் துல்லியமாகச் செய்யத் தொடங்கியது. கண்மணி வழியே ஒளியைச் செலுத்தி, ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சுடுவார்கள். கூடுதல் ஆபத்துள்ள கண்களுக்குச் சற்று முன்னதாகவே செய்தால் பலன் அதிகம் என்று 2003-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. கெட்ட விளைவு 15.6-இலிருந்து 9.1 சதவீதமாக இறங்கியது.

லேசருக்கு விலை உண்டு. சுட்ட பகுதி இனி ஒருபோதும் பார்க்காது. நோய் கண்ணின் நடுப்பகுதிக்கு அருகிலேயே நின்றிருந்தால், சுட வேண்டிய பரப்பும் அதிகம். கிட்டப்பார்வை கடுமையாக வரலாம். ஒன்றரைக் கிலோ கூட இல்லாத குழந்தைக்கு மயக்க மருந்தோ தூக்க மருந்தோ கொடுத்து நீண்ட நேரம் செய்யும் வேலை இது, பழகிய கை வேண்டும்.

கண்ணுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தும் ஊசி வேறு வழியில் போகிறது. செல்களை விட்டுவிட்டு, அவை சுரந்த புரதத்தை மட்டும் பிடித்து முடக்குகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஓரத்து விழித்திரையும் பிழைக்கும். 2011-இல் பெவாசிசுமாப் மருந்தை லேசரோடு ஒப்பிட்ட ஆய்வில், நோய் திரும்பிய கண்கள் ஊசிக்குப் பின் 4 சதவீதம், லேசருக்குப் பின் 22. இரண்டரை வயதில் அதே குழந்தைகளைப் பரிசோதித்தபோது, நோய் நடுப்பகுதியில் இருந்த கண்களின் சராசரி பவர் ஊசிக் குழுவில் மைனஸ் 1.51, லேசர் குழுவில் மைனஸ் 8.44. இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் லேசரை உடனே மூட்டை கட்டிவிடலாம் போலத் தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். அதே ஆய்வில் லேசருக்குப் பிறகு நோய் திரும்பச் சராசரி 6 வாரம் ஆனது, ஊசிக்குப் பிறகு 16 வாரம். லேசர் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறது. ஊசி கணக்கைத் திறந்தே வைக்கிறது, ஏனென்றால் புரதம் சுரக்கும் திசு அங்கேயே இருக்கிறது, மருந்து வடிந்ததும் அது மறுபடி சுரக்கலாம். அதனால் குழந்தை வீட்டுக்குப் போன பிறகும் பல மாதங்கள் விடாமல் பரிசோதனைக்கு வர வேண்டும். வரமுடியாத குடும்பத்துக்கு ஊசி மட்டும் போட்டு அனுப்புவது எனக்கு ஆபத்தான சலுகையாகவே படுகிறது. வடுத் திசு ஏற்கெனவே கட்டியிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊசி அதைச் சட்டென்று சுருக்கி, விழித்திரையை இழுத்துவிடக்கூடும்.

அப்புறம், கண்ணில் போட்ட மருந்து கண்ணிலேயே தங்குவதில்லை. பெவாசிசுமாப் ரத்தத்தில் கலந்து, உடலின் வி.இ.ஜி.எஃப். அளவை வாரக்கணக்கில் தாழ்த்துகிறது. அந்த வயதில் நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் வளர அதே புரதத்தை நம்பியிருக்கின்றன. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஊசி மருந்தான ரானிபிசுமாப் ரத்தத்திலிருந்து விரைவில் வெளியேறிவிடும், அதனால் இந்தக் கவலை குறைவு. 2019-இல் வெளியான ஒப்பீட்டில் 0.2 மில்லிகிராம் ரானிபிசுமாப் 80 சதவீதம், லேசர் 66 சதவீதம் வெற்றி. 2022-இல் வந்த, அஃப்ளிபர்செப்ட் என்ற மூன்றாவது ஊசி மருந்தின் ஆய்விலோ ஊசிக்கு 85.5, லேசருக்கு 82.1. லேசர் ஒன்றுதான், மதிப்பெண் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? பங்கேற்ற குழந்தைகளும் சிகிச்சை செய்த கைகளும் வேறு வேறு. ஒரு ஆய்வின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அஃப்ளிபர்செப்ட்டுக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கிடைத்தது.

விழித்திரை விலகத் தொடங்கிவிட்டால் இரண்டும் போதாது, அறுவை சிகிச்சைதான். முழுதாக விலகிவிட்ட கண்ணில் அதுவும் பார்வையை மீட்பது அரிது.

இப்போது ஆராய்ச்சியாளர்களின் கவனம் மருந்தின் அளவில் இருக்கிறது. 2011 ஆய்வில் ஒரு கண்ணுக்குக் கொடுத்த பெவாசிசுமாப் 0.625 மில்லிகிராம். பிற்பாடு படிப்படியாகக் குறைத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில், 0.004 மில்லிகிராம் பெற்ற 10 கண்களில் 9 ஒரு மாதத்துக்குள் தேறின. 0.002-க்கு இறங்கியபோதுதான் பலன் தெளிவாகக் குறைந்தது. ஆனால் குறைந்த அளவு பெற்ற கண்களில் பலவற்றுக்குப் பின்னர் மறு சிகிச்சை தேவைப்பட்டது.