ஹைட்ரஜன் கார் வரும் வரை பொறுக்கலாமா?

"தண்ணீரில் ஓடும் கார்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் போதும், எனக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல் என்ற கருவியைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால் சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எலெக்ட்ரிக் வண்டி இப்பவே வாங்கலாமா, இல்லை ஹைட்ரஜன் வரட்டும் என்று இருக்கலாமா? வீட்டு வண்டிக்கு என்றால் பொறுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இத்தனைக்கும் ஃபியூயல் செல் எனக்கு ரொம்பப் பிடித்த கருவி.

அதற்குள் எதுவும் எரிவதில்லை. நடுவில் மெல்லிய பாலிமர் சவ்வு, இரண்டு பக்கமும் பிளாட்டினத் துகள் பூசிய மின்முனைகள், அவ்வளவுதான். ஒரு பக்கம் ஹைட்ரஜனை விடுகிறோம், அது பிளாட்டினத்தில் பட்டதும் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டும் உள்ளே விடும், எலெக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றித்தான் மறுபக்கம் போயாக வேண்டும், அப்படிச் சுற்றிப் போகும் ஓட்டம்தான் மோட்டாரை ஓட்டும் மின்சாரம். அந்தப் பக்கம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்து தண்ணீராகிவிடும். கரண்ட் இழுக்க ஆரம்பித்தால் ஒரு செல் தருவது 0.6, 0.7 வோல்ட்தான், அதனால் நூற்றுக்கணக்கில் அடுக்குகிறோம். இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் 330 செல்கள். புகை கிடையாது, டேங்க் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். அப்பல்லோ விண்கலங்களில் மின்சாரம் தந்ததும் ஃபியூயல் செல்தான், வீரர்கள் குடித்ததும் அதிலிருந்து வந்த தண்ணீரைத்தான்.

சிக்கலெல்லாம் ஹைட்ரஜனில்தான். நமக்கு வேண்டிய அளவுக்கு அது தனியாகக் கிடைக்காது, எதிலிருந்தாவது பிரித்துத்தான் எடுக்க வேண்டும். இன்று உலகத்தில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. எரிவாயுவிலிருந்து 1 கிலோ எடுத்தால் 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது. சரி, சோலார் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரிக்கலாம் என்றால் 1 கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் கரண்ட் வேண்டும். அப்புறம் அதை 700 பார் அழுத்தத்துக்கு, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்குக்கு, அமுக்க வேண்டும், அதற்கும் கரண்ட். இத்தனையும் செய்து காரில் ஊற்றினால் ஃபியூயல் செல் திருப்பித் தருவது சுமார் 17 யூனிட். அதே மின்சாரத்தை நேராகப் பேட்டரியில் ஏற்றியிருந்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு சக்கரத்துக்குப் போயிருக்கும். இந்தக் கணக்கை எந்த வீடியோவும் சொல்வதில்லை.

ரயிலில்கூட இது சுலபமில்லை. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 2022-ல் 14 ஹைட்ரஜன் ரயில்களை இறக்கியது, அடுத்த வருடமே, இனி வாங்குவது பேட்டரி ரயில்தான், ஓட்டும் செலவு அதில்தான் குறைவு என்று சொல்லிவிட்டது. நம் பெரம்பூர் ஐசிஎப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். ஹரியானாவில் ஜிந்த்–சோனிபட் பாதைக்கென்று செய்த அந்த ரயில் நன்றாக ஓட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் சுத்தமான ஹைட்ரஜன் கையில் கிடைத்தால் முதலில் அது போக வேண்டியது உர ஆலைகளுக்கும் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளுக்கும்தான் என்பேன். அங்கே ஏற்கெனவே எரிவாயுவிலிருந்து எடுத்த அழுக்கான ஹைட்ரஜன் டன் டன்னாகச் செலவாகிறது, அதற்கு மாற்றாகப் பேட்டரியை வைக்கவும் முடியாது.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், கந்தக வாசனைப் பொருள் கலந்திருப்பார்கள். ஃபியூயல் செல்லுக்குப் போகும் ஹைட்ரஜனில் அதைக் கலக்க முடியாது, கந்தகம் பட்டால் பிளாட்டினம் செத்துவிடும். தீப்பிடித்தாலும் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும். ஒரு நல்ல விஷயம், ரொம்ப லேசான வாயு என்பதால் திறந்த வெளியில் சட்டென்று மேலே போய்விடும். மூடிய கூரை என்றால் அங்கேயே தங்கிவிடும், அதனால்தான் சென்சாரை நாங்கள் கூரைப் பக்கம் வைக்கிறோம். சமையல் கேஸுக்கு நேர்மாறு, அது தரையில் தேங்கும். 2019 ஜூனில் நார்வேயின் சாண்ட்விகாவில் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது, பக்கத்துச் சாலையில் போன காரில் ஏர்பேக் விரிகிற அளவுக்கு அதிர்ச்சி அலை. விசாரித்தால், உயர் அழுத்த டேங்கின் ஒரு மூடியில் போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை.

அதனால்தான் பைக்குக்கு "ஹைட்ரஜன் கிட்" என்று விற்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அது ஃபியூயல் செல்லே இல்லை. பைக் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து டப்பாவில் இருக்கும் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒன்றாகவே குழாய் வழியாக இன்ஜினுக்கு அனுப்புகிறது. அந்தக் கரண்ட் வருவதே நீங்கள் போட்ட பெட்ரோலிலிருந்துதான், மைலேஜ் எங்கிருந்து கூடும்? அந்தக் கலவைக்கு ஒரு சின்னப் பொறி போதும், அது உங்கள் காலுக்கு நடுவில் இருக்கிறது. மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.