தடுப்பூசித் தயக்கம் வேறு, தடுப்பூசி எதிர்ப்பு வேறு

‘வக்சின் ஹெசிட்டன்சி’, அதாவது தடுப்பூசி போடத் தயங்குவது, என்பதைத் தமிழில் ‘தடுப்பூசி எதிர்ப்பு’ என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கொரோனாக் காலத்தில் செய்தியில் வந்தது, பிறகு கருத்தரங்குப் பதாகையில் வந்தது. இப்போது திருகோணமலையில் தாய்மார் கையில் கொடுக்கிற ஆய்வுப் படிவத்தின் தலைப்பிலேயே ஏறிவிட்டது: ‘தடுப்பூசி எதிர்ப்பு மனநிலையை அளவிடல்’. ஒரே தலைப்பில் இரண்டு பிழை.

முதலில் சொல்லின் வேர். ‘ஹெசிட்டன்சி’க்கு மூலம் லத்தீன், ஒட்டிக்கொள்வது, சிக்கி நிற்பது என்று பொருள். பேச்சு தொண்டையில் சிக்குவதையும் அது குறிக்கும். நமது ‘தயங்கு’ என்பதற்கு அசைதல், ஊசலாடுதல் என்பது பழைய பொருள். கடலலையைத் ‘தயங்குதிரை’ என்றார்கள். லத்தீன் சொல்லில் ஆள் சிக்கி நிற்கிறான், தமிழ்ச் சொல்லில் அப்படியும் இப்படியும் அசைகிறான். இந்த விஷயத்துக்குத் தமிழ்ச் சொல்தான் இன்னும் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. மூதூரிலோ கிண்ணியாவிலோ பேச்சில் கேட்டால் ‘பின்னடிக்கிறா’ என்பார்கள், அல்லது வெறுமனே ‘யோசிக்கிறா’ என்பார்கள். இரண்டும் தயக்கம்தான். இரண்டிலும் எதிர்ப்பு இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2014இல் கொடுத்த வரையறை இதுதான்: தடுப்பூசி போடும் சேவை கிடைத்தும் அதை ஏற்பதில் தாமதிப்பது அல்லது மறுப்பது. ‘எதிர்ப்பு’ என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள்: “மறுப்பது என்று அதிலேயே இருக்கிறதே, பிறகென்ன?” சரி, இருக்கிறது. 2022இல் அதே நிறுவனம் வரையறையை மாற்றி, போடுவதா வேண்டாமா என்று மனம் முரண்படுவது அல்லது அதற்கு எதிராக இருப்பது என்று எழுதியபோதும் எதிர் நிலை உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அது ஒரு நீண்ட வரிசையின் கடைசி முனை. ஒரு முனையில் எதுவும் கேட்காமல் பிள்ளையின் கையை நீட்டுகிறவர், மறுமுனையில் எந்த ஊசியும் வேண்டாம் என்கிறவர், நடுவில் போட்டாலும் பயந்து போடுகிறவர், ஒன்றைப் போட்டு இன்னொன்றைத் தள்ளிவைக்கிறவர், அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறவர் என்று எத்தனையோ பேர். அந்த நடுவில் நிற்கிறவர்களைப் பற்றிப் பேசத்தான் இந்தச் சொல்லே உண்டானது. கடைசி முனையின் பெயரை எல்லோருக்கும் சூட்டினால், பேச வேண்டிய ஆட்களே சொல்லிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. சுகாதாரத் தமிழில் ‘எதிர்ப்பு’ ஏற்கெனவே நல்ல வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது: நோய் எதிர்ப்புச் சக்தி. ‘தடுப்பூசி நோய் எதிர்ப்பைக் கூட்டும்’ என்று ஒரு பந்தியில் எழுதி, அடுத்த பந்தியில் ‘தடுப்பூசி எதிர்ப்பைக் குறைக்க வேண்டும்’ என்று எழுதினால், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு தாய்க்கு என்ன விளங்கும்? அதோடு ‘தடுப்பு’ என்பதே மறித்தல். தடுப்புக்கு எதிர்ப்பு, அந்த எதிர்ப்புக்கு எதிர்ப்பு என்று போனால் படித்தவருக்கே தலை சுற்றும்.

செய்தியில் பிழையான சொல் வந்தால் வாசிப்பவர் முகம் சுளித்துவிட்டுப் போய்விடுவார். அளவிடும் படிவத்தில் வந்தால் அளவே கெட்டுப்போகும். மனப்பாங்கை அளக்க முடியும் என்று அமெரிக்காவில் உளவியலாளர் தர்ஸ்டன் 1928இல் வாதிட்டார். 1932இல் இன்னொரு உளவியலாளர் லிக்கர்ட் எளிய வழி ஒன்றைக் காட்டினார். ஒரு கூற்றைக் கொடுத்து, முழுதும் உடன்படுவதிலிருந்து சற்றும் உடன்படாதது வரை ஐந்து படிகளில் ஒன்றைத் தெரியச் சொல்வதுதான் அது. தடுப்பூசித் தயக்கத்துக்கான பத்துக் கூற்று அளவுகோலும் இந்த வகையே. ‘இப்போது அதிகம் காணப்படாத நோய்களுக்கு என் பிள்ளைக்கு ஊசி தேவையில்லை’ என்பது போன்ற கூற்றுகள் அதில் வரும். இந்தப் படிவத்தின் தலைப்பில் ‘எதிர்ப்பு’ என்று போட்டால், கையில் வாங்கியவர் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். நான் பார்த்த ஒரு தாய் எல்லாவற்றுக்கும் ‘முழுதும் உடன்படுகிறேன்’ என்று ஒரே நேர்க்கோட்டில் புள்ளடி போட்டுக் கொடுத்தார், ஊசி ஆபத்து என்ற கூற்றுக்கும் சேர்த்து. கேட்டபோது சொன்னார்: “நான் எதிர்க்கேல்ல மிஸ். பிள்ளைக்கு இப்பதான் காய்ச்சல் விட்டது, இவரிட்ட ஒருக்காக் கேட்டிட்டு வாறன்.” அவருடைய தயக்கம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. படிவத்தில் அதில் துளியும் இல்லை.

இரண்டாவது பிழை ‘மனநிலை’. மனநிலை என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ‘மனநிலையை அளவிடல்’ என்று போட்டால் மனநோய்ப் பரிசோதனை என்று பயப்படுகிறவர்களும் உண்டு, அவர்களைப் பிழை சொல்ல முடியாது. இங்கே வேண்டியது ‘மனப்பாங்கு’. நம்முடைய பாடநூல்களில் எத்தனையோ காலமாக இருக்கிற சொல் அது. தமிழ்நாட்டில் ‘மனப்பான்மை’ என்பார்கள், அதுவும் நல்ல சொல்தான். கையில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் வேறொன்றைத் தேடி ஓட வேண்டும்?

தூய தமிழ் வேண்டும் என்று நான் சண்டைக்கு வரவில்லை. கிளினிக் என்றே எழுதுங்கள், போலியோ என்றே எழுதுங்கள், எல்லாருக்கும் விளங்கும். என் கோபம், பொருளைப் பார்க்காமல் கணினி தந்த முதல் சொல்லை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற மொழிபெயர்ப்பின் மீது. நான் முன்பு சொன்ன நிபுணர் குழுவின் 2014 அறிக்கை தயக்கத்துக்கு மூன்று காரணம் சொல்கிறது. முதலாவது நம்பிக்கைக் குறைவு. இன்னொன்று வசதிக் குறைவு: வெருகலில் கைக்குழந்தையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரைக் கேட்டால் தெரியும். மற்றதற்கு ஆங்கிலத்தில் ‘கம்ப்ளேசன்சி’ என்று பெயர். அதை ‘மனநிறைவு’ என்று பெயர்த்திருக்கிறார்கள்! மனநிறைவு உள்ளவர் ஊசி போடமாட்டார் என்றா அர்த்தம்? அது அசட்டை. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். இன்றைய இளம் தாய்மார் அந்த நோயைக் கண்ணால் கண்டதில்லை, அதனால் வருகிற அசட்டை. நம்ம ஊர்ப் ‘பஞ்சி’ அதற்கு மிகக் கிட்ட வரும், ஆனால் அது உடம்புச் சோம்பலையும் சேர்த்துக்கொள்வதால் படிவத்துக்கு ஆகாது, வாயால் கேட்கும்போது பயன்படுத்தலாம்.

ஆகவே அந்தப் படிவத்தின் தலைப்பு ‘தடுப்பூசி பற்றிய பெற்றோரின் மனப்பாங்கு’ என்று மட்டும் இருக்கட்டும். தயக்கம் என்ற சொல் அறிக்கையில் வந்தால் போதும், அதைத் தாயின் கையில் கொடுக்கத் தேவையில்லை. ‘எதிர்ப்பு’ என்பதை, எந்த ஊசியும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.