படர்தாமரை: அரிப்பு நின்றாலும் இழை சாவதில்லை

படர்தாமரை என்று வருபவர்களின் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் அன்றாட வேலை. வட்டத்தின் நடுவில் சுரண்டுவதில்லை. சிவந்து, தடித்து, செதில் உதிரும் ஓரத்தில்தான் எடுப்போம். படர்தாமரை பூஞ்சையால் வருவது; நூல்போன்ற பூஞ்சை இழை நுனியில் வளர்வது. நடுப்பகுதியில் உடலின் எதிர்ப்பு அதை ஓரளவு அடக்கிவிட, நுனிகள் வெளிப்பக்கமாக முன்னேறும். வட்டம் உருவாவது இப்படித்தான்.

செதிலை ஸ்லைடில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால், சிறிது நேரத்தில் தோல் செல்கள் கரைந்து தெளியும். பூஞ்சை கரையாது. அதன் சுவரில் கைட்டின் இருக்கிறது. நண்டு ஓட்டில் இருக்கும் அதே பொருள். வெளிச்சத்தைக் குறைத்து ஃபோகஸை மெல்லத் திருப்பினால், செல்களின் எல்லைகளைக் கடந்து குறுக்கே ஓடும் நிறமற்ற இழைகள் தெரியும். சீரான தடிமன், இடையிடையே தடுப்பு, அங்கங்கே கிளை. தடிமன் சில மைக்ரான்தான்.

இந்த இழைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நொதிகளை வெளியே கசியவிட்டு, உணவை வெளியிலேயே செரித்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. படர்தாமரைப் பூஞ்சைக்கு உணவு கெரட்டின் என்ற புரதம். அது தோலின் இறந்த மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் இருப்பதால், பூஞ்சை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

சிவப்பும் அரிப்பும் பெருமளவு நம் உடல் காட்டும் எதிர்ப்பு. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அடக்குவது அந்த எதிர்ப்பைத்தான். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், இழையோ தடையில்லாமல் பரவும். "பூசுனா நல்லா இருக்கு டாக்டர், விட்டதும் திரும்ப வந்துடுது" என்பவர்களின் ஸ்லைடில் இழைகள் பின்னிக் கிடப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. வட்டமும் கலைந்துபோவதால், பார்த்த மாத்திரத்தில் படர்தாமரை என்று சொல்வதும் கடினமாகிவிடும். களிம்பு டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தயவுசெய்து மருத்துவர் சொல்லாமல் படர்தாமரைக்குப் பூசாதீர்கள்.

பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாட்டிக்கும் இங்கே உதவாது. பரிணாமத்தில் பூஞ்சை நமக்கு நெருங்கிய உறவு. நம் செல்லைக் கெடுக்காமல் அதை மட்டும் தாக்க வழிகள் குறைவு. ஒரு நல்ல வழி எர்கோஸ்டெரால். நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைப் பூஞ்சையில் அது செய்கிறது. டெர்பினஃபின், அசோல் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுப்பவை.

இவற்றையும் சிவப்பு மறைந்த அன்றே பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது மேலடுக்கில் இழை மிச்சமிருக்கலாம். சொன்ன நாள் வரைக்கும் பூச வேண்டும். வட்டத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர் தள்ளியும் பூச வேண்டும், கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் நுனிகள் போயிருக்கலாம். இழைகள் துண்டு துண்டாக உடைந்து வித்துகளாகிச் செதிலோடு உதிரும். துண்டிலும் படுக்கை விரிப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் நோய் சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான்.

சோதனைக்கு வருமுன் களிம்பை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சைக்கான மருந்து பூசிய தோலில் இழை இருந்தும் அகப்படாமல் போகலாம். வளர்ப்புச் சோதனை என்றால் முடிவுக்கு 4 வாரம்கூட ஆகும், இந்தப் பூஞ்சை அவ்வளவு மெதுவாக வளர்வது.