கோதிக்: திகில் அல்ல, மருள்

பட விமர்சனங்களில் ‘கோதிக்’ என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. அதே பத்தியில் ‘திகில் படம்’ என்றும் எழுதிவிடுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல. இரண்டும் வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொல்லும் இருக்கிறது.

‘கோதிக்’ என்ற சொல் கோத்துகள் என்ற இனப்பெயரிலிருந்து வந்தது. கோத்துகள் பழைய ஜெர்மானிய இனத்தவர். கி.பி. 410இல் அலாரிக் தலைமையில் ரோம் நகரைச் சூறையாடியவர்கள் அவர்களில் ஒரு பிரிவினர். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலை வரலாற்றாசிரியர் ஜார்ஜோ வசாரி, இடைக்காலத் தேவாலயங்களின் பாணியை அந்தக் காட்டுமிராண்டிகளின் வேலை என்று பழித்தார். உண்மையில் கோத்துகளுக்கும் அந்தப் பாணிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அது 1140களில் பாரிஸ் அருகே செயின்ட் டெனிஸ் மடத்துக் கோயிலில் உருப்பெற்றது. ஆனாலும் வசை பெயராக நிலைத்துவிட்டது. சென்னை சாந்தோம் பேராலயத்தின் கூர்முனை வளைவுகள் அந்தப் பாணியின் 19ஆம் நூற்றாண்டு மறுபிறப்பு. கட்டடத்துக்குக் ‘கோதிக்’ என்ற பெயரே போதும். மாற்ற வேண்டியதில்லை.

கதைக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல். 1764 இறுதியில் வெளிவந்த ‘ஒட்ரான்டோ கோட்டை’யின் இரண்டாம் பதிப்பில் ‘ஒரு கோதிக் கதை’ என்று துணைத்தலைப்பு வைத்தார். ‘இடைக்காலத்துக் கதை’ என்பதற்கு மேல் அதில் பெரிய பொருள் இல்லை. ஆனால் கதைக்குள் இருந்தவை சொல்லோடு ஒட்டிக்கொண்டன: பழங்கோட்டை, முன்னோர் செய்த பாவம், சுரங்கவழியில் தப்பி ஓடும் பெண். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஆங்கில நாவலாசிரியை ஆன் ராட்கிளிஃப் அந்தப் பெண்ணையே கதையின் நடுவில் நிறுத்தினார். அவளுடைய கண்ணால்தான் வீட்டைப் பார்க்கிறோம். பெண்கள் எழுதிய இந்த மரபுக்கு 1976இல் இலக்கிய விமர்சகர் எலன் மோர்ஸ் ‘பெண் கோதிக்’ என்று பெயரிட்டார்.

ராட்கிளிஃப் இறந்தபின் 1826இல் வெளியான அவரது கட்டுரை ஒன்று அச்சத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று மனத்தை விரித்துப் புலன்களை விழிக்கச் செய்யும். மற்றொன்று மனத்தைச் சுருக்கி உறையவைக்கும். இரண்டாவதுதான் நாம் திகில் என்பது. முதலாவதற்கு மருள் என்ற சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. மயக்கம், வியப்பு, அச்சம், சாமி வந்து ஆடும் ஆவேசம் என இத்தனையும் அந்த ஒரு சொல்லில் உண்டு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, அடுக்கும்போது மருட்கையையும் (வியப்பையும்) அச்சத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. அச்சம் பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவது அணங்கு. வருத்தும் தெய்வத்துக்கும் அந்தப் பெயர், பெண்ணுக்கும் அந்தப் பெயர். ஆகவே கோதிக் கதையை மருட்புனைவு என்றும், படத்தை மருட்படம் என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

சொல் பொருந்துகிறதா என்று படங்களில் பார்ப்போம். ‘கிரிம்சன் பீக்’ (2015) படத்தில் எடித் மணமாகிப் போகும் மாளிகை செங்களிமண்ணில் மெல்லப் புதைந்துகொண்டிருக்கிறது. ஓட்டைக் கூரை வழியே கூடத்துக்குள் பனி கொட்டுகிறது. அங்குள்ள ஆவிகள் அவளை எச்சரிக்கவே வருகின்றன. நஞ்சு கலந்த தேநீரைத் தருபவர்கள் உயிரோடு இருப்பவர்கள்.

வங்காளத்தில், 1881இல் தொடங்கும் ‘புல்புல்’ (2020) இந்திய மண்ணிலேயே விளைந்த மருட்படம். குழந்தை மணப்பெண்ணின் காலில் மெட்டி போடுகிறார்கள். எதற்கு என்று கேட்கிறாள். அங்கே ஒரு நரம்பு இருக்கிறது, அதை அழுத்தாவிட்டால் பெண்கள் பறந்துவிடுவார்கள் என்று பதில் வருகிறது. பிற்பாடு கணவன் அடித்து நொறுக்குவதும் அந்தப் பாதங்களைத்தான். அவள் பேயாக எழும்போது பாதங்கள் பின்னோக்கித் திரும்பியிருக்கின்றன. ஓர் உடலுறுப்பை வைத்தே முழுக்கதையையும் சொன்ன அன்விதா தத்தின் இயக்கத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

‘நோஸ்ஃபெராட்டு’ (2024) படத்தின் எலனுக்கு வரும் வலிப்பையும் கனவையும் மருத்துவர் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து அடக்குகிறார், இடுப்புக் கச்சையோடு உறங்கச் சொல்கிறார். பழங்காலமாக இருந்தால் நீ ஐசிஸ் தெய்வத்தின் பெரும் பூசாரியாக இருந்திருப்பாய் என்று வேறொருவர் அவளிடம் சொல்கிறார். நம் ஊரில் மருளாடி என்போமே, அவளைத்தான் அவர் அடையாளம் காண்கிறார். ஊரை ரத்தக்காட்டேரியிடமிருந்து காப்பதும் கடைசியில் எலன் எடுக்கும் முடிவுதான்.

“மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பது பழமொழி. வீட்டிலுள்ள ஆண்களும் மருத்துவர்களும் இந்த நாயகியரிடம் சொல்வது அதைத்தான். மருட்புனைவில் அது தலைகீழாகிறது: மருண்ட கண்ணுக்குத்தான் உண்மை தெரிகிறது. நாயகியின் வலிமை என்று நான் கருதுவது இந்தப் பார்வையை. கத்தி எடுப்பதெல்லாம் அதற்குப் பின்பு.

பேய், பாழ்மாளிகை இருப்பதால் மட்டும் ஒன்று மருட்படம் ஆகிவிடாது. ‘சந்திரமுகி’யில் வேட்டையபுரம் அரண்மனை இருக்கிறது, பூட்டிய அறை இருக்கிறது, அதைத் திறப்பவளும் கங்காதான். ஆனால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்து விளக்குபவர் மனநல மருத்துவராக வரும் நாயகன். கங்கா குணப்படுத்தப்பட வேண்டியவளாக நிற்கிறாள். அதைப் பேய்ப்படம் என்றோ உளவியல் திகில் என்றோ சொல்வேன், மருட்படம் என்று சொல்லமாட்டேன்.