உளுந்தை பங்குனியிலேயே விற்றாக வேண்டுமா?

சிறு விவசாயியின் வறுமையைப் போக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் மகசூலைப் பற்றியே பேசுகிறார்கள். நல்ல விதை, சொட்டுநீர், மண் பரிசோதனை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் வேளாண் கடன் பார்க்கும் வங்கி அலுவலராக நான் காண்பது வேறு. நன்றாக விளைவித்தவரும் அடகு வைத்த நகையை மீட்க முடியாமல் நிற்கிறார். விளைச்சல் வரும் மாதம், விலை விழும் மாதம், கடன்காரர் வாசலுக்கு வரும் மாதம் மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் காரணம்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த நிலத்தில் நெல்லுக்குப் பின் உளுந்து போட்ட குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அடித்துத் தூற்றிய உளுந்து வீட்டுக்குள் போவதே இல்லை. விதைப்பின்போது முன்பணம் கொடுத்த தரகர் களத்துக்கே வந்துவிடுகிறார். தராசும் அவருடையது, விலையும் அவருடையது. அவரை மட்டும் திட்டிப் பயனில்லை. இரவு பத்து மணிக்கு மருத்துவச் செலவுக்குக் கேட்டால் பணம் தருபவரும் அவர்தானே. எங்கள் வங்கி தருமா?

ஊரில் 'கமிட்டி' என்று சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விளைபொருளை விற்க மட்டும்தான் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேயே இருப்பு வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். பொருளின் மதிப்பில் 75 சதவீதம் வரை, ஆண்டுக்கு 5 சதவீத வட்டியில், 180 நாட்களுக்குத் தருகிறார்கள். உச்சவரம்பும் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால் போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து குவிண்டால் உளுந்து, குவிண்டால் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். மதிப்பு 35,000; கையில் கிடைக்கும் கடன் 26,250. மூன்று மாத வட்டி சுமார் 328 ரூபாய். குவிண்டாலுக்கு 66 ரூபாயும் கிடங்கு வாடகையும் விலை ஏறினால் போதும், நட்டமில்லை. தரகரின் முன்பணத்தையும் அன்றே அடைத்துவிடலாம்.

விலை ஏறியே தீரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இறக்குமதி வந்தால் பருப்பு விலை இறங்கும். ஆகவே பாதியை விற்றுவிட்டு மீதியை இருப்பு வையுங்கள். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும் உளுந்தை எந்தக் கிடங்கில் வைத்தாலும் கெடும், வண்டும் விழும். நன்றாகக் காயவைத்தால் எடை குறையும், அந்த இழப்பையும் கணக்கில் சேருங்கள். ரசீதில் எடை, தரம், மதிப்பு, தேதி நான்கும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். மூட்டையை இறக்கிய அவசரத்தில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. கிசான் கடன் அட்டையின் வரம்பை நிர்ணயிக்கும்போது, சாகுபடிச் செலவுக்கு மேல் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் சேர்க்கப்படுகிறது. பண்ணைப் பராமரிப்புக்கு மேலும் 20 சதவீதம். ஜூனில் வரும் பள்ளிச் செலவுக்காக கந்துவட்டிக்குப் போவதற்கு முன் உங்கள் அட்டையின் வரம்பைக் கேளுங்கள். 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடு தேதிக்குள் கட்டினால் 4. கூட்டுறவுச் சங்கத்தில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. 2021இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது உண்மைதான். அதை நம்பி அடுத்த கெடுவைத் தவறவிட்டு, சலுகை வட்டியை இழப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இவை எல்லாம் பட்டா உள்ளவருக்கு எளிது. வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்கு, கணவர் பெயரில் பட்டா இருக்க வயலைத் தானே பார்க்கும் பெண்ணுக்கு, வங்கிக் கதவு பாதிதான் திறக்கிறது. அவர்களுக்கென்று, தேசிய வேளாண் மற்றும் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு வகுத்த கூட்டுப் பொறுப்புக் குழு முறை இருக்கிறது. நான்கு முதல் பத்து பேர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறலாம். நில ஆவணத்தை அடமானம் கேட்கக் கூடாது. கிளையில் இதைத் தட்டிக்கழித்தால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனால், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.