ஃபிளாஷில் குழந்தையின் கண் வெள்ளையாக மின்னினால்

காது குத்து, முதல் பிறந்தநாள், புதுவீட்டுப் பால்காய்ச்சு என்று எந்த விசேஷமானாலும் அன்று ராத்திரியே சொந்தக்காரர்கள் எடுத்த படங்கள் போனில் வந்து குவிந்துவிடும். ஸ்டுடியோ ஆல்பத்தைவிட, சித்தப்பாவோ மதினியோ பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களைத்தான் கண் மருத்துவராக நான் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். அதிலும் "கண்ணு சரியா வரல" என்று அழிக்கப் போகிற படங்களை.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பட்டாசல் பகலிலேயே அரையிருட்டாக இருக்கும். அங்கே கண்மணி நன்றாக விரிந்திருக்கும். லென்ஸை ஒட்டியிருக்கும் ஃபிளாஷ் மின்னும்போது, கண்மணி சுருங்குவதற்குள் ஒளி உள்ளே போய், ரத்தக் குழாய்கள் நிறைந்த பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும். படத்தில் கண் சிவப்பாகத் தெரிவது இதனால்தான். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். நாங்களும் இருட்டறையில் கருவியைப் பிடித்து இந்தச் சிவப்பைத்தான் தேடுகிறோம்.

ஒரு கண்ணாவது சிவப்புக்குப் பதில் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ மின்னினால்தான் கவலை.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தாய், "டாக்டரம்மா, போட்டோல மட்டும் இவன் கண்ணு பூனைக்கண்ணு மாதிரி இருக்கு, நேர்ல ஒண்ணுந் தெரியல" என்று போனை நீட்டினார். அந்தப் போனிலேயே பழைய படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனோம். சில மாதங்களுக்கு முந்தைய பால்காய்ச்சுப் படத்திலும் அதே இடது கண் வெள்ளையாக இருந்தது. ஸ்டுடியோ ஆல்பத்தில் மட்டும் இரண்டு கண்ணும் அழகான கறுப்பு. சிவப்பைத் திருத்தியவர்கள் வெள்ளையையும் சேர்த்துத் திருத்தியிருந்தார்கள். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தபோது விழித்திரையில் கட்டி இருந்தது.

ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற இந்த விழித்திரைப் புற்றுநோய் ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள் வெளிப்பட்டுவிடும். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. ஒரு கண் தெரியாவிட்டாலும் குழந்தை மற்றக் கண்ணை வைத்து ஓடியாடி விளையாடும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. சீக்கிரம் வந்தால் கீமோ, லேசர், உறைய வைக்கும் சிகிச்சை என்று கண்ணையே காப்பாற்ற வழி உண்டு. தாமதமானால் உயிரைக் காக்கக் கண்ணை எடுக்க வேண்டிவரும். அதற்கும் ஆச்சி தாத்தா சம்மதிக்கவில்லை என்று நாள் கடத்தினால், கட்டி பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை. குழந்தை சற்று மூக்குப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தால், பார்வை நரம்பின் முனையில் ஒளி பட்டு ஒரு படத்தில் அப்படி விழலாம். பிறவிக் கண்புரையிலும் இப்படித் தெரியும். எதுவானாலும் பார்த்துத்தான் சொல்ல முடியும். நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவதும் தாய்ப்பால் விடுவதும் கண்ணுக்குள் இருக்கும் கட்டியைத் தொடாது. அதே வாரம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலோ பக்கத்துக் கண் மருத்துவமனையிலோ காட்டுங்கள். திருத்தாத படம் இருக்கும் போனையும் கொண்டு போங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். இந்த நோயில் வெள்ளை ஒளிக்கு அடுத்தபடியாக அதிகம் காணும் அறிகுறியே மாறுகண்தான்.

சாதாரண ஃபிளாஷ் கண்ணைக் கெடுக்காது. ஆனால் போனில் சிவப்புக் கண்ணைத் தானாகத் திருத்தும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். நைட் மோடில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படத்தில் இது தெரியாது. படங்களில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் கண் நன்றாக இருக்கிறது என்றும் ஆகிவிடாது.

இந்த நோயில் ஒரு பங்கு பரம்பரையாக வரும். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்த குழந்தைகளின் கண்ணையும் பெற்றோர் கண்ணையும் பரிசோதிக்க வேண்டும். தாய்க்கோ தகப்பனுக்கோ சிறு வயதில் இந்தக் கட்டிக்காக ஒரு கண்ணை எடுத்திருந்தால், படத்தில் தெரியட்டும் என்று காத்திருக்காமல், குழந்தை பிறந்த கையோடு விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.