கோர்ட் வாசலில் நிற்கும்முன் கேஸ் நம்பரைப் பாருங்கள்

லாஸ் ஏஞ்சலஸில் காலை எட்டரைக்கு வாய்தா. எட்டே காலுக்கு, நான் உரைபெயர்க்க வேண்டிய பெரியவரிடமிருந்து போன். "தம்பி, நான் எப்பவோ வந்துட்டேன். லிங்கன் சிலைகிட்ட நிக்கறேன், உங்களத்தான் காணோம்."

எனக்குப் பகீரென்றது. லிங்கன் இருப்பது ஸ்பிரிங் தெரு கட்டடத்தில். நான் நின்றதோ முதல் தெருவில், கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கும் புது ஃபெடரல் கோர்ட்டில், அதாவது மத்திய அரசின் கோர்ட்டில். நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் இந்த வாசலிலும் பெல்ட்டைக் கழற்றி, பையைத் திறந்து காட்டித்தானே உள்ளே வர வேண்டும்? எப்படியோ வந்து சேர்ந்தார், வியர்த்து வழிய.

கலிபோர்னியாவில் கோர்ட் உரைபெயர்ப்பாளராக வேலை செய்யும் எனக்கு இது புதிதில்லை. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஸ்பிரிங் தெருவில் 1940-இல் கட்டி முடித்த அந்த 17 மாடிக் கட்டடம் பல பத்தாண்டுகள் ஃபெடரல் கோர்ட்டாகவே இருந்தது. மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கி வைப்பது செல்லாது என்று 1946-இல் மெண்டெஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது அங்கேதான். அதற்காகவே 2012-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். முகப்புக் கூடத்து லிங்கனும் பார்க்க வேண்டிய ஆள்: தாடி இல்லை, கோட்டு இல்லை, சட்டையே இல்லாத வாலிப லிங்கன், கையில் மட்டும் புத்தகம். 2016-இல் முதல் தெரு கட்டடம் திறந்ததும் ஃபெடரல் நீதிபதிகள் அங்கே போய்விட்டார்கள். இப்போது ஸ்பிரிங் தெருவில் நடப்பது மாநிலத்தின் சுப்பீரியர் கோர்ட். ஆக, பெரியவரை யாரும் தடுக்கவில்லை. அதுவும் கோர்ட்தானே!

ஃப்ரெஸ்னோவிலும் இதே கதைதான். பழைய ஃபெடரல் கட்டடத்தில் இன்று சுப்பீரியர் கோர்ட்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் குழப்பம் வேறு மாதிரி. ஏழாம் தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கும் பிரௌனிங் கட்டடம் அரண்மனை மாதிரி இருக்கும். 1905-இல் திறந்தது, மறு வருஷமே வந்த பூகம்பத்தில் தப்பியது. தபால் ஊழியர்கள் ஈர மூட்டைகளால் அடித்துத் தீயை அணைத்தார்களாம். நம்மவர்களுக்கு அங்கே இன்னொரு நினைவும் உண்டு. அமெரிக்காவிலிருந்து இந்திய விடுதலைக்குப் போராடிய கதர் (Ghadar) கட்சியினர் மீதான சதி வழக்கு நடந்தது அங்கேதான். 1918 ஏப்ரலில், விசாரணையின் கடைசி நாளில், கட்சித் தலைவர் ராம் சந்திராவை, கூடவே குற்றம் சாட்டப்பட்டிருந்த ராம் சிங் கோர்ட்டுக்குள்ளேயே சுட்டார். அடுத்த நொடி கோர்ட் காவல் அதிகாரியான மார்ஷலின் குண்டுக்கு ராம் சிங்கும் விழுந்தார். அந்தப் பக்கம் போனால் எனக்கு இன்னமும் ஒரு மாதிரிதான் இருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது அது மேல்முறையீடுகளுக்கான ஒன்பதாம் சர்க்யூட் கோர்ட். சாதாரண ஃபெடரல் வழக்கு என்றால் கோல்டன் கேட் அவென்யூவில் உள்ள ஃபிலிப் பர்டன் கட்டடத்துக்குப் போக வேண்டும். இதே சர்க்யூட்டின் பசடேனா கோர்ட்டோ பழைய ஓட்டல். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ ஆஸ்பத்திரியாகவும் இருந்தது. பார்த்தால் இன்றும் ரூம் கேட்கத் தோன்றும்.

அதனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், காகிதத்தைப் பாருங்கள். தலைப்பில் 'சுப்பீரியர் கோர்ட் ஆஃப் கலிபோர்னியா' என்றிருந்தால் மாநில கோர்ட். 'யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்' என்றால் ஃபெடரல். ஃபெடரல் கேஸ் நம்பரில் ஆண்டுக்கு முன்னால், முக்காற்புள்ளிக்கு (:) இந்தப் பக்கம், ஓர் இலக்கம் நிற்கும். யாரும் கவனிக்காத இலக்கம். லாஸ் ஏஞ்சலஸைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மாவட்டத்தில் (ஃபெடரல் கோர்ட்டின் 'சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட்') 2 என்றால் லாஸ் ஏஞ்சலஸ், 5 என்றால் ரிவர்சைடு பக்கம், 8 என்றால் சாண்டா ஆனா. சான் ஃபிரான்சிஸ்கோ அடங்கிய வட மாவட்டத்தில் ('நார்தர்ன் டிஸ்ட்ரிக்ட்') 3 சான் ஃபிரான்சிஸ்கோ, 4 ஓக்லாந்து, 5 சான் ஹோசே. வழக்கு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை அது சொல்லிவிடும். எந்த ஊர், எந்த அறை என்பதை நோட்டீஸில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குடிவரவு கோர்ட் இந்த இரண்டிலும் சேராது. அது நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது, கட்டடமும் வேறு. அப்புறம், போகிற வழியில் போனில் தேடி, முதலில் வரும் 'ஃபெடரல் பில்டிங்'குக்குப் போய் நிற்காதீர்கள். பாதி இடங்களில் அது வெறும் அரசு அலுவலகம்தான்.

கோர்ட் மாறினால் என் கூலியைக் கொடுப்பவரும் மாறுவார் என்பது பலருக்குத் தெரியாது. மாநில கோர்ட்டில் 2015-இலிருந்து சிவில் வழக்குகளுக்கும் கோர்ட்டே உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யலாம், நிதி இருப்பதைப் பொறுத்து. ஃபெடரலில் அரசு தொடுத்த வழக்காக இருந்தால்தான் பொதுவாக அந்த வசதி. இரண்டு தனியார் மோதும் சிவில் வழக்கில் ஆளையும் நாமே பிடிக்க வேண்டும், பணத்தையும் நாமே கொடுக்க வேண்டும்.

பெரியவரின் வழக்கு அந்த வகை. லிங்கன் சிலை இருந்த கட்டடத்திலேயே அது நடந்திருந்தால், ஒருவேளை என் கூலி அவர் பையிலிருந்து போயிருக்காது. மத்தியான இடைவேளையில் இதைச் சொன்னேன். "அப்போ நான் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கேன்" என்றார்.